கோட்டானின் மனைவி

நான் இறந்துபோனது 18.8.2006, வெள்ளிக்கிழமை. அன்று எனக்குக் காலை டூட்டி. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து நாற்பது பேருக்கு இரத்தம் எடுத்தேன். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். நான் இறந்த செய்தி எனக்கே ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தெரியும். எங்கள் வீட்டில் எந்த விஷயமும் எனக்குக் கடைசியில்தான் வந்து சேரும்.

என்னைக் கொன்றவர் என் கணவர் ஹரிகிருஷ்ணன். யாரும் பதற வேண்டாம், மனுஷன் பரம சாது. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் குழாய் செய்கிற ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறப்பதில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'இந்தா' என்பார். அதற்கு மேல் போனால் 'இங்க பாரேன்'. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

ஆனால் கோட்டானைப் பற்றிக் கேட்டால் மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்.

கோட்டான் என்பது அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த படக்கதை. பகலில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன், இரவில் ஆந்தை முகமூடி மாட்டிக்கொண்டு துறைமுகத்துக் கடத்தல்காரர்களை அடித்துத் துவைப்பான். சிரிக்கவே மாட்டான். அவனுடைய மனைவி மோகனாவைக் கடத்தல்காரர்கள் கொன்றுவிட்டார்கள், அதனால்தான் அவன் கோட்டான் ஆனான். நாற்பத்து மூன்று இதழ்களோடு நின்றுபோன அந்தக் கதையின் எல்லா இதழும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. கல்யாணமான புதிதில், இந்த மனுஷன் மனசுக்குள் நுழைய ஏதாவது வழி கிடைக்குமா என்று அத்தனையையும் உட்கார்ந்து படித்தேன். வழி கிடைக்கவில்லை. கடத்தல்காரர்களின் பெயர்கள்தான் மனப்பாடமாயின.

அந்த வருஷம் மே மாதம் இன்டர்நெட் சென்டருக்குப் போய் வந்தவர் முகம் பிரகாசமாக இருந்தது. வெளிநாட்டில் ரசிகர்களே கையில் இருப்பதை வைத்துத் தங்களுக்குப் பிடித்த ஹீரோவைப் படமாக எடுக்கிறார்களாம். கம்பெனி இல்லை, ஸ்டார் இல்லை, செலவு இல்லை. "கோட்டானுக்கு நாம எடுக்கலன்னா வேற யாரு எடுப்பா?" என்றார். நியாயமான கேள்விதான். கோட்டானை ஞாபகம் வைத்திருக்கிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

கேமராவுக்குப் பாலாஜி கிடைத்தான். முத்தியால்பேட்டையில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிற பையன், இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவான். வில்லனுக்கு ஃபேக்டரி கேன்டீன் நடத்துகிற காசிலிங்கம். தங்கமான மனுஷர். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் "மன்னிச்சிக்க சார்" என்று சொல்லிவிடுவார். கோட்டான், எங்கள் வீட்டுக்காரரேதான். கறுப்பு மழைக்கோட்டு, பழைய குடைத் துணியில் தைத்த இறக்கை, முகமூடியில் ஆந்தைக் கண்ணுக்கு என்னுடைய இரண்டு டீ வடிகட்டிகள். இரண்டு மாதம் வேட்டித் துண்டில் டீ வடிகட்டினேன்.

படம் ரொம்ப இருண்ட படம், சோகமும் பழிவாங்கலுமாகப் போகும் என்று ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். ஆனால் பாலாஜியின் கேமராவுக்கு ராத்திரியில் ஒன்றும் தெரியாது. ஆகவே நள்ளிரவுக் காட்சிகள் எல்லாம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, லென்சில் நீலக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி எடுக்கப்பட்டன. நிழல் காலுக்கடியில் கிடக்க, காக்கா கத்த, கோட்டான் "இந்த நடுநிசியில்..." என்று ஆரம்பிப்பார். கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் மேல் ஏறி நின்றபோது சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்து கீழே இறங்கச் சொன்னார். விஷயம் தெரிந்ததும், தனக்கும் ஒரு ரோல் இருக்கிறதா என்று கேட்டார். இறந்து கிடக்கிறவர்களுக்கு ரோஸ்மில்க் எசன்ஸை இரத்தமாக ஊற்றினார்கள். தினமும் இரத்தத்தோடு வேலை பார்க்கிறவள் என்ற முறையில், இந்த நிறத்தில் யாருக்காவது இரத்தம் ஓடினால் உடனே அட்மிட் செய்யவேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

சண்டைக் காட்சியைப் பாலாஜி எடுத்த விதத்தை நான் நேரில் பார்த்தேன். அவனுக்குக் கல்யாண வீடியோ பழக்க தோஷம். "அண்ணே, அந்தக் குத்த இன்னொரு தடவ மெதுவா குத்துங்க. காசிலிங்கம் அண்ணே, வாங்கிக்கினு அப்டியே கேமராவப் பாருங்க. பின்னாடி நிக்கிறவங்கல்லாம் கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க." தாலி கட்டும்போது சொல்கிற அதே வார்த்தைகள். பிறகு எடிட்டிங்கில், அந்தக் குத்திலிருந்து அடுத்த காட்சிக்கு ஒரு பெரிய சிவப்பு இதயம் சுழன்றுகொண்டே வந்து திறக்கும்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை மாதக் கடைசியில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இடம் காரைக்கால். எங்கள் யூனியன் பிரதேசத்து அரசாங்க உத்தியோகத்தில் அப்படித்தான், ஒரே நிர்வாகம் என்று பேர், நடுவில் வேறு மாநிலத்து ஊர்கள் வழியாக நாலு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். மூன்று வருஷம் அங்கே இருந்தாக வேண்டும். சம்மதக் கடிதம் கொடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை.

முதல் தடவை சொன்னபோது இவர் முகமூடிக்குக் கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம்" என்றார். இரண்டாவது தடவை சொன்னேன். பசை காய்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். மூன்றாவது தடவை நேராகவே கேட்டேன்.

"நான் போவட்டுமா வேணாமா? நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். "உன் இஷ்டந்தான" என்றார். 'தான' மட்டும் புதிது.

அன்றைக்கு முடிவு செய்தேன். திங்கட்கிழமைக்குள் இந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும். போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி. வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவது. மூன்று வருஷம் முடிந்தாலும் திரும்பி வர எனக்கு அவசரமில்லை. கோட்டானும் அவரும் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தட்டும். கடிதத்தை எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல், டிவி மேல் கண்ணில் படும்படி வைத்தேன். அதன்மேல் பசை டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் படத்தை உள்ளூர் கேபிளில் போடுவதாக ஏற்பாடு. கேபிள்காரர் பாலாஜிக்குப் பழக்கம். இவர் பாலாஜியின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எல்லோருடனும் பார்ப்பதாகத் திட்டம். செருப்பு மாட்டும்போது, "இந்தா, பதினோரு மணிக்கு டிவியப் போடு" என்றார்.

"எனக்கு மீன் கழுவணும்" என்றேன்.

டிவியைப் போடவில்லை. வீம்புதான்.

பன்னிரண்டரை மணி இருக்கும், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம். அடுத்த நொடி, "அய்யோ எங் கண்ணே, கலைவாணீ!" என்று ஒரு குரல் தெருவையே தூக்கியது. சொர்ணம் பெரியம்மா. என் அம்மாவின் அக்கா, வீராம்பட்டினத்தில் வீடு, பெரிய மார்க்கெட்டில் மீன் வியாபாரம். அம்மா போன பிறகு எனக்குப் பிறந்தவீடு என்றால் பெரியம்மாதான். கூடவே நாலைந்து பெண்களின் குரல்.

பக்கத்துத் தெருவில் சுடுகாடு இருப்பதால் எங்களுக்கு அழுகைச் சத்தம் புதிதல்ல. ஆனால் அதில் என் பெயர் வந்தது புதிது. அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தேன். "ஊருக்கே ரத்தம் பாத்தவளே, உன் ஒடம்ப யாருடி பாத்தா?" என்று பெரியம்மா ராகம் போட்டு இழுத்தாள். என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக யாரும் பேசிக் கேட்டதில்லை. பொய் சொல்லக்கூடாது, உடனே வெளியே போக மனசு வரவில்லை. இன்னும் இரண்டு அடி பாடட்டும் என்று நின்றேன்.

அதற்குள் அழுகை சண்டையாக மாறியது. எட்டிப் பார்த்தால், படம் முடிந்து பாலாஜியோடு வீடு திரும்பிய என் கணவரின் சட்டையைப் பெரியம்மா கொத்தாகப் பிடித்திருந்தாள். அவர் கையில் லட்டு டப்பா.

"பொண்டாட்டி செத்து மூணு நாளு ஆவல, இனிப்பு வாங்கினு வர்றியா? வெள்ளிக்கெழம போனவளுக்கு ஒரு சேதி உண்டா? பொறந்த வூட்டுக் கோடிப் பொடவ வாங்காமயே எம்பொண்ண எடுத்துட்டியா?"

"அத்த, அது வந்து... படம்..." என்றார் இவர். வாயைத் திறக்கவேண்டிய நேரத்திலும் அவருக்கு நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

நான் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். "பெரிம்மா, என்னா இது?"

கூட வந்த பெண்களில் ஒருத்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா என்னைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், கிட்டே வந்து என் கையை நறுக்கென்று கிள்ளினாள். நான் கத்தியதும் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்பைவிடப் பலமாக அழுதாள். அவள் மேல் வஞ்சிர வாசனை. வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பாலாஜிக்குக் கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் இன்னொரு வேலை உண்டு. கேபிளில் நிகழ்ச்சிக்கு நடுவே வருமே, மாலை போட்ட படம், எரிகிற குத்துவிளக்கு, மேலிருந்து உதிரும் பூ, அந்தக் கண்ணீர் அஞ்சலி அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பவன் அவன்தான். கோட்டானின் செத்துப்போன மனைவிக்கு ஒரு படம் வேண்டும் என்று இவர் கேட்க, அவன் தான் வழக்கமாகச் செய்கிற அட்டையையே செய்துவிட்டான். என் படம், சந்தனமாலை, விளக்கு, பூ, அழுகிற ஷெனாய். அட்டையில் தேதிக்கு இடம் காலியாக இருந்தது. காலியாக விட அவனுக்கு மனசு கேட்கவில்லை. தோற்றம் 12.5.1973. மறைவு 18.8.2006, அவன் எடிட்டிங் முடித்த நாள். கீழே, 'பிரிவால் வாடும் கணவர் மற்றும் உற்றார் உறவினர்.'

"எந்த வீட்லயும் உயிரோட இருக்கறவ படத்துக்கு மால போட்டுத் தர மாட்டாங்க அண்ணி" என்றான் பாலாஜி, தலையைச் சொறிந்துகொண்டு. "அண்ணன்தான் பர்ஸ்லேருந்து எடுத்துக் குடுத்தாரு. ஓரமெல்லாம் மடிஞ்சி வேர்வ பட்டு இருந்திச்சி, நான்தான் டச்சப் பண்ணேன்."

இவர் பர்ஸில் என் படம் இருந்த விஷயமும் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே பெரிம்மா?"

"செத்தவளுக்கா போன் பண்ணுவாங்க?" என்றாள். "மார்க்கெட்டு டீக்கட டிவில பூவும் வெளக்குமா உன் படத்தக் காட்றான். பக்கத்துல மாப்ள மூஞ்சில என்னாமோ கறுப்பா மாட்டிகினு, உன் பேரச் சொல்லி அழுவறாரு. பாவம், துக்கத்துல புத்தி பேதலிச்சிடுச்சின்னு நெனச்சோம்."

"என் பேரா?"

"கலைவாணி, கலைவாணின்னுதான் அழுதாரு."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். சண்டையில் வாசலில் சிதறிய லட்டைப் பொறுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

மரணச் செய்தி பொய்யானால் ஆயுசு கெட்டி என்று பெரியம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். கோடிக்கென்று வாங்கிவந்த அரக்குப் புடவையைக் கடலில் விட்டுவிடச் சொன்னாள். கலர் நன்றாக இருந்ததால் விடவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு, "நான் எப்டிதான்டா செத்தேன், போட்டுக் காட்டு" என்று நான் பாலாஜியிடம் சொன்னேன். அவன் பையிலிருந்து சிடியை எடுத்தான். "வேணாமே" என்றார் இவர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

வீராம்பட்டினத்துப் பெண்கள் ஐந்து பேரும் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மத்தியான வெயிலில் நடுநிசி வந்தது. காசிலிங்கம் அடி வாங்கிச் சிரித்தார். சிவப்பு இதயம் சுழன்றது. பிறகு அந்த அட்டை, ஷெனாய், அதற்கு முன்னால் என் டீ வடிகட்டிகளை மாட்டிக்கொண்டு நிற்கிற என் கணவர்.

படக்கதையில் இந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினேழாவது இதழ். கோட்டான் முஷ்டியை உயர்த்தி, "மோகனா! உன் இரத்தத்தின் மேல் ஆணை!" என்பான். அவ்வளவுதான், அடுத்த கட்டத்தில் படகு வெடிக்கும்.

டிவியில் கோட்டான் முஷ்டியை உயர்த்தவில்லை. சும்மா நின்றார்.

"கலைவாணி," என்றார். "காலைல ரெண்டு டம்ளர் எடுக்கறேன். ஒண்ணத் திருப்பி வைக்கறேன். நீ ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டு வாசனையோட வருவ, நான் மூஞ்சத் திருப்பிக்குவேன். இப்ப அந்த வாசன இல்லாம தூக்கம் வரல. ராத்திரி கொசுவத்திய யாரும் அணைக்கறதில்ல, அதுவா எரிஞ்சி தீருது. ஊர்ல இருக்கறவன எல்லாம் காப்பாத்தறேன். உன்கிட்ட மட்டும் போவாதன்னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு வாய் வரலியே."

படியில் உட்கார்ந்த பெண்தான் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்க்கா, அந்தப் பொண்ண கொல பண்ணிட்டாங்கன்னுதான சொன்னாங்க? இவரு என்னா, பஸ் ஏறிப் போனவளக் கூப்புடற மாதிரி பேசறாரு?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள், சமையலறை வாசலில் முதுகைக் காட்டி நின்ற இவரைப் பார்த்தாள். "வாங்கடி, மீனு வெயில்ல கெடக்குது" என்று எழுந்தாள். பாலாஜியையும் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள்.

வேன் போன பிறகு வீடு வழக்கம்போல் அமைதியாகிவிட்டது. குழம்பு அடிபிடித்திருந்தது. இவர் தரையில் உட்கார்ந்து முகமூடியை மடியில் வைத்து, கம்பியைப் பிரித்து, இரண்டு டீ வடிகட்டிகளையும் கழற்றினார். கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவி ஆணியில் மாட்டினார். செத்தால்தான் இந்த மனுஷன் பேசுவாரா என்று எனக்குக் கோபம் வந்தது. டிவி மேலிருந்த பசை டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, கடிதத்தை அவர் முன்னால் போட்டேன்.

"நாளைக்குக் கடைசி நாளு. உன் இஷ்டம்னு மட்டும் சொன்னீங்க, நெசமாவே செத்துடுவேன்."

கடிதத்தைக் கையில் எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இரண்டு பக்கம்கூட இல்லை, பத்து நிமிஷம் படித்தார்.

"கலைவாணி," என்றார். முகமூடி இல்லாமல். குரல் டிவியில் வந்த அளவுக்குக் கம்பீரமாக இல்லை, பாதியில் உடைந்தது. "போவாதன்னு சொல்லத்தான் தோணுது. ஆனா நீ போவணும். பத்து வருஷமா நீ ஒழச்ச ஒழப்பு அது."

எனக்கு வேண்டியது ஒரே வார்த்தைதான். அவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டதால் என்ன செய்வதென்று தெரியாமல் அழுதேன். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல், கையில் இருந்த குடைத்துணி இறக்கையைக் கண்ணைத் துடைக்க நீட்டினார். ஒரே பசை நாற்றம்.

கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார்.

"கலைவாணி."

"என்னாங்க?"

"சனிக்கெழம எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்டு முடியும். காரைக்கா பஸ்ஸு எத்தினி மணிக்கு இருக்குது?"

செத்தவளாக இருந்தால் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது.

"மூணு மணிக்கு ஒண்ணு இருக்கு," என்றேன். "மழைக்கோட்ட மாட்டிகினு வந்துடாதீங்க."